பழைய காரும் புதிய ஸ்பீக்கரும்

சேலம் ஜில்லாவிலிருந்து 1997-ஆம் ஆண்டின் முதல் நாளன்று பிரிந்து தனி ஜில்லாவாகிய நாமக்கல்லில், துறையூருக்குச் செல்லும் சாலையில், கொல்லிமலை அடிவாரத்துச் சமவெளியில் அமைந்த எருமப்பட்டியில், பழைய கார் ஒன்றை வைத்துக் காப்பாற்றுவது அப்படியொன்றும் சிரமமான காரியமன்று. லாரிக்கு பாடி கட்டுவதில் பெயர் வாங்கிய ஜில்லா இது. ஆகையால், 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடருக்கும், அதே வருஷம் ஜனவரியில் விடைபெற்ற மாருதி 800-க்கும், தேய்ந்துபோன புஷ் ஒன்றைக் கடைந்து கொடுக்கவோ, துருவேறிய தகரத்தை வெட்டி ஒட்டுப் போடவோ, பத்து மைல் சுற்றளவுக்குள் ஆள் கிடைத்துவிடுகிறார். எஞ்சின் இவ்வாறு ஆயுள் நீடித்து ஓடிக்கொண்டிருக்க, வண்டியின் குரல் மட்டும் வெகு நாளைக்கு முன்பே செத்துப்போயிருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் கரகரப்பு, குறைத்தால் முணுமுணுப்பு என்றாகிவிட்ட பிறகு, சொந்தக்காரர் நாமக்கல் கடைத்தெருவுக்குப் போய் முதன்முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை வாட் போடலாம்?" என்பதாக இருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஸ்பீக்கர் தனியாக நின்று ஒலிக்கும் வஸ்துவன்று. அது எந்தத் துவாரத்தில் பொருத்தப்படுகிறதோ அந்தத் துவாரமும், அதைச் சுற்றியுள்ள தகரமும், அதற்குப் பின்னால் உள்ள வெற்றிடமும் சேர்ந்தே வாத்தியம் பூர்த்தியாகிறது. கடையில் காசு கொடுத்து வாங்குவது அதில் பாதி. மறுபாதி ஏற்கெனவே காரில் இருக்கிறது, பெரும்பாலும் ஓட்டையும் உடைசலுமாக.

முதலில் செத்தது எது என்று பார்ப்போம். கதவின் உள்பலகையை, அதாவது மெக்கானிக்குகள் டோர் பேட் என்று சொல்வதை, கழற்றிப் பழைய ஸ்பீக்கரைக் கையில் எடுத்து, காகிதக் கோனின் விளிம்பைச் சுற்றி ஓடும் பஞ்சு போன்ற வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தால், அது நசுங்குவதற்குப் பதிலாக, கறுத்த பிசுபிசுப்பான பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொள்ளும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பரவலாகப் பயன்பட்ட பாலியுரித்தேன் நுரை அது. காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒவ்வொரு கண்ணியாக வெட்டுகிறது. வெப்பம் அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. கண்ணாடி வழியே வரும் வெயிலின் புறஊதாக் கதிர் மிச்சத்தை முடித்துவைக்கிறது. சித்திரை மாதத்து வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் உஷ்ணம் 60 டிகிரியைத் தாண்டுவது சகஜமாகையால், இந்தச் சமவெளியில் நுரை விளிம்பு தீர்க்காயுசாக இருக்க நியாயமேயில்லை. ரப்பர் விளிம்பும், பசையூட்டிய துணி விளிம்பும் இந்த விதிக்கு வெகுவாகத் தப்பிக்கின்றன. விளிம்பு நன்றாயிருந்தும் குரல் கெட்டிருந்தால், இரண்டு கட்டைவிரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மெல்ல அழுத்திக் காதருகே பிடிக்க வேண்டும். மணலைத் தேய்ப்பது போன்ற சப்தம் கேட்டால், உள்ளே இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருள் உரசுகிறது. கோன் மட்டும் கிழிந்திருந்தாலோ, விளிம்பு மட்டும் போயிருந்தாலோ, கோன் மாற்றித் தரும் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துச் சொற்பச் செலவில் உயிர்ப்பிக்கலாம். இந்தத் தொழில் அருகி வருகிறதே தவிர மறைந்துவிடவில்லை.

இன்று நம் கார்களில் இருக்கும் ஸ்பீக்கரின் மூலவடிவத்தை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் 1925-இல் வெளியிட்டார்கள். காந்தத்தின் நடுவே, மயிரிழைகள் சில நுழையும் அளவுக்கே இடைவெளியுள்ள வட்டப் பள்ளத்தில், மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று எதையும் தொடாமல் மிதக்கிறது. பாட்டின் மின்னோட்டம் அதில் பாயும்போது, ஓட்டம் திசைமாறும் ஒவ்வொரு தடவையும் சுருளும் திசைமாறி அசைகிறது. சுருளோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளியும் இழுத்தும் சப்தமாக்குகிறது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாக இந்தத் தத்துவம் மாறவில்லை. மாறியதெல்லாம் காந்தமும் கோனும் பசையுந்தான். காந்தங்களில் அல்நிகோ போய் ஃபெரைட் வந்தது; 1980-களில் நியோடிமியம் வந்து, உள்ளங்கை அகலமான ஃபெரைட் வட்டு செய்த வேலையை ஒரு சிறு வில்லை செய்யத் தொடங்கியது. ஆகவே கடையில் ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்து, "கனமாயிருக்கிறது, நல்ல சரக்கு" என்று முடிவு கட்டும் வழக்கத்துக்கு இன்று ஆதாரம் போதாது.

பழைய ஸ்பீக்கரைக் குறைத்துச் சொல்வதும் நியாயமாகாது. மோட்டரோலா என்ற பெயர் தாங்கிய ரேடியோ அமெரிக்கக் கார்களில் 1930-இல் ஏறியது; நம்மூரில் காருக்குள் ரேடியோ என்பது வெகு காலம்வரை மத்திய அலை ரேடியோதான். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி தொடங்கியது; 936 கிலோஹெர்ட்ஸில் அது ஒலிபரப்பும் நாகஸ்வரக் கச்சேரியை எருமப்பட்டிச் சாலையில் ஓடும் வண்டி தாராளமாகப் பிடிக்கும். ஆனால் மத்திய அலையில் நிலையங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், ரேடியோவிலிருந்து வெளிவரும் சப்தம் ஏறக்குறைய விநாடிக்கு 5,000 அதிர்வுகளோடு நின்றுவிடுகிறது. பண்பலையோ 15,000 வரை எட்டுகிறது. மேல்வரம்பே 5,000 என்றிருக்கையில், டேஷ்போர்டுக்கு அடியில் ஒற்றைக் காகிதக் கோன் போதுமானதாக இருந்தது. பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் அறிமுகம் செய்த காசெட் பின்னாளில் நம் கார்களுக்குள் புகுந்தது; இப்போது கைபேசியிலிருந்து ப்ளூடூத் வழியாகப் பாட்டு வரும் காலத்தில், தவிலின் தொப்பிப் பக்கத்து ஆழமும், ஜாலராவின் மின்னலும் ஒருங்கே வந்து சேர்கின்றன. ஸ்பீக்கரின் தலையில் ஏற்றப்பட்ட சுமைதான் அதிகமாயிருக்கிறது.

இனி அந்த மறுபாதிக்கு வருவோம். கோன் முன்னால் நகரும்போது முன்பக்கத்துக் காற்று அழுந்துகிறது. அதே க்ஷணத்தில் பின்பக்கத்துக் காற்று தளர்கிறது. இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று எட்டக்கூடிய வழி இருக்குமானால், அழுந்திய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னே ஓடித் தளர்ச்சியை நிரப்பிவிட, கேட்பவனுக்குச் சப்தம் மிஞ்சுவதில்லை. தொட்டி நீருக்குள் விரித்த கையை மெதுவாக அசைத்தால் அலை எழாமல் நீர் கையைச் சுற்றிக்கொண்டு நழுவுவதும், வேகமாக அசைத்தால் அலை எழுவதும் எப்படியோ, அப்படியே இதுவும்: விநாடிக்கு ஆயிரக்கணக்கில் அதிரும் உச்ச ஸ்வரத்துக்குச் சுற்றி ஓட அவகாசமில்லை, ஐம்பதும் நூறுமாக அதிரும் கீழ் ஸ்வரத்துக்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது. காற்றில் சப்தம் விநாடிக்கு சுமார் 350 மீட்டர் செல்வதால், 50 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 7 மீட்டர்; 10,000 அதிர்வுள்ள ஒலிக்கு அது மூன்றரை சென்டிமீட்டர். ஏழு மீட்டர் நீண்ட அலைக்குப் பதினாறு சென்டிமீட்டர் அகல ஸ்பீக்கரைச் சுற்றி ஓடுவது ஒரு தூரமா? புதிய ஸ்பீக்கரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வெறுங்கையில் பிடித்துப் பாடவிட்டு, "பேஸ் வரவில்லையே" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை நான் அறிவேன். அந்த நிலையில் எந்த ஸ்பீக்கரும் பேஸ் கொடுக்காது.

காரின் கதவு இந்த இரு பக்கங்களையும் பிரிக்கும் சுவராக இருக்க வேண்டும். பழைய காரின் கதவிலோ உட்தகரம் முழுவதும் ஜன்னல் போலத் திறப்புகள். கண்ணாடி ஏற்றி இறக்கும் எந்திரத்துக்குக் கைவிடுவதற்காக வைத்தவை. அவற்றின் மேல் ஈரம் தடுக்க ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளும் எப்போதோ கிழித்தெறியப்பட்டிருக்கும். பின்பக்கத்துக் காற்று அந்தத் திறப்புகள் வழியாகவும், ஹார்டுபோர்டு டோர் பேடின் இடுக்குகள் வழியாகவும் காருக்குள் வந்து, முன்பக்கத்துச் சப்தத்தைத் தின்றுவிடுகிறது. இந்தத் திறப்புகளை அலுமினியத் தகட்டாலோ, தார் பூசிய ஷீட்டாலோ மூடி, ஸ்பீக்கரைத் தகரத்தில் நேரே திருகாமல் பிளைவுட் வளையம் ஒன்றின் மேல், நுரைப் பட்டை வைத்து, இடைவெளியின்றி இறுக்கினால், பழைய ஸ்பீக்கரே புதிய ஸ்பீக்கர் போல் பேசுவதைக் கேட்கலாம். வெளித்தகரத்தின் உட்புறத்திலும் அந்தத் தார் ஷீட்டை ஒட்ட வேண்டும். முழுவதும் மெழுக வேண்டியதில்லை, நடுப்பாகத்தில் ஒட்டினாலே போதும். ஒட்டுவதற்கு முன் விரல் முட்டியால் தட்டினால் "டங்" என்று நீண்டு ஒலிக்கும் தகரம், ஒட்டிய பின் "டொக்" என்று அடங்கிவிடும். அதிர்வின் சக்தி தாரின் பிசுக்கில் உஷ்ணமாகக் கரைந்துபோவதே காரணம். ஒரு எச்சரிக்கை: கதவின் அடி விளிம்பில் மழைநீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. உற்சாக மிகுதியால் அவற்றையும் அடைத்துவிட்டால், அடுத்த ஐப்பசியில் கதவு தண்ணீர்த் தொட்டியாகும். அதற்கடுத்த வருஷம் துருவாகும்.

அம்பாசிடரில் சமாசாரம் வேறு. கதவில் ஸ்பீக்கருக்கென்று இடமே விடாத காலத்து வண்டியாதலால், பின் சீட்டுக்கு மேல், பின்கண்ணாடிக்கு அடியில் உள்ள தட்டில் நீள்வட்ட ஸ்பீக்கர்கள் இரண்டைப் பதிப்பதே நெடுநாளைய வழக்கம். அது விவரமறிந்த வழக்கமே. தட்டு ஒடுக்கமானது, அதில் பெரிய வட்டம் அடங்காது, ஆறுக்கு ஒன்பது அங்குல நீள்வட்டமோ, கணக்குப் பார்த்தால், ஏறக்குறைய ஏழேகால் அங்குல வட்டத்துக்குச் சமமான பரப்பைக் காற்றின் மேல் வைக்கிறது. கீழே இருக்கும் டிக்கி விசாலமான பெட்டியாகிவிடுகிறது. குறை எங்கே என்றால், டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே பல வண்டிகளில் துணியும் பஞ்சும் தவிர அடைப்பு இல்லை. தட்டும் நமுத்துப்போன அட்டை. ஆகவே பின்பக்கத்துக் காற்று சீட்டு வழியாகவே முன்னுக்கு வந்துவிடுகிறது. சீட்டைக் கழற்றி, அந்தத் திறப்பின் வடிவத்துக்கு முக்கால் அங்குலப் பிளைவுட் வெட்டி அடைத்து, தட்டையும் பிளைவுட்டாக மாற்றுவதற்கு, லாரி கேபினுக்குப் பலகை தைக்கும் ஆசாரி ஒருவருக்கு அரைநாள் வேலை. இதற்குச் செலவிடும் பணத்தை ஸ்பீக்கரின் விலையில் கூட்டிப் போட்டு இன்னும் உயர்ந்த மாடல் வாங்கினாலும் இந்தப் பலன் கிடைக்காது.

வாட் கணக்கைக் கடைசியில் கேட்கலாம் என்றேனே, இப்போது கேட்கலாம். புதிய கார் ஸ்டீரியோ செட்டின் பெட்டியில் "50 வாட், நான்கு" என்று அச்சிட்டிருக்கிறது. கார் ஓடும்போது பேட்டரியில் இருக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். இன்றைய செட்டுகள் ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளையும் எதிரெதிராக இயக்குவதால், அலையின் உச்சம் அந்த 14.4-ஐ எட்டலாம்; அதைத் தாண்ட முடியாது. வளைவான சுத்த ஸ்வரத்துக்கு அதன் சராசரி வலிமை 10.2 வோல்ட், அதைத் தன்னாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 26 வாட். உள்ளே ஏற்படும் நஷ்டம் போக, கேட்கத் தகுந்த சப்தமாக வருவது 20-ஐ ஒட்டியதே. அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? 14.4-ஐ அப்படியே தன்னாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 52 வருகிறது. அதாவது அலையின் தலையும் அடியும் வெட்டுண்டு சதுரமாகிப்போன, எவரும் கேட்கச் சகிக்காத இரைச்சலின் வலிமை அது. பொய்யென்று சொல்ல முடியாத, மெய்யென்றும் ஒப்ப முடியாத கணக்கு. பழைய ரேடியோக்கள் ஒரு கம்பியை மட்டும் இயக்கியதால், உச்சம் பாதியாகி, வலிமை நாலில் ஒன்றாகி, ஐந்தாறு வாட்டோடு திருப்தியடைந்தன.

அந்த ஐந்து வாட்டில் எப்படி ஒரு கார் முழுவதும் கேட்டது என்பதற்கு விடை, பழைய காகிதக் கோனின் லேசான உடம்பில் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பதை உணர்திறன் என்ற அளவாக ஸ்பீக்கரோடு அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு ஸ்பீக்கருக்கு 92, மற்றொன்றுக்கு 86 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசமான 6 டெசிபலுக்கு நாலு மடங்கு மின்சக்தி வேண்டும். முன்னது 5 வாட்டில் பாடுவதைப் பின்னது 20 வாட்டில்தான் பாடும். பழைய செட்டை வைத்துக்கொண்டே, தடித்த பாலிப்ரொப்பிலீன் கோனும் கெட்டியான ரப்பர் விளிம்புமுள்ள "300 வாட்" ஸ்பீக்கர் வாங்கி மாட்டியவர், முன்னைவிடச் சப்தம் குறைந்துவிட்டதைக் கண்டு கடைக்காரரைச் சந்தேகிப்பார். பெட்டியின் மேலுள்ள 300 என்பது அந்த ஸ்பீக்கர் தாங்கும் வரம்பே தவிர, கொடுக்கும் சப்தமன்று. செட்டிலிருந்தே நேரே ஓட்டுவதாயிருந்தால் உணர்திறன் 90-க்கு மேற்பட்டதைத் தேடுவதும், தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பதாயிருந்தால் அந்தக் கவலையை விடுவதும் உசிதம்.

கம்பி விஷயத்தில் பழைய கார் ஒரு கண்ணி வைத்திருக்கிறது. ரேடியோ காலத்தில் ஸ்பீக்கருக்கு ஒற்றைக் கம்பி இழுத்து, மறுமுனையைக் காரின் உடம்பிலேயே எர்த் செய்துவிடுவது வழக்கத்தில் இருந்தது. இரண்டு கம்பிகளையும் இயக்கும் இன்றைய செட்டை அந்தப் பழைய கம்பியில் கோத்தால், ஒரு முனை நேரே எர்த்தில் இடிக்க, செட் உடனே வாயடைத்து நிற்கும். பாதுகாப்பு இல்லாததாயிருந்தால் உள்ளிருக்கும் ஐ.சி. கருகும். எனவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரட்டைக் கம்பி இழுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. இழுத்த பின் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்றே போதும். செட்டின் பக்கத்துக் கம்பி முனைகளை அதிலிருந்து பிரித்துவைத்து, செல்லின் பாசிட்டிவைப் பாசிட்டிவ் கம்பியிலும் நெகட்டிவை நெகட்டிவிலும் ஒரு நொடி தொட்டால், "டப்" என்று கோன் வெளிப்புறமாகக் குதிக்க வேண்டும். உட்புறம் போனால் கம்பி மாறியிருக்கிறது. இடதும் வலதும் எதிரெதிராக அசையும் காரில், பாடுகிறவரின் குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் தலைக்குள் மிதக்கும்; பேஸ் ஒன்றையொன்று தின்று காணாமற்போகும். விலையுயர்ந்த சாமான் போட்ட வண்டிகளில்கூட இந்தப் பிழையைக் கேட்டிருக்கிறேன்.

கதவில் ஸ்பீக்கர் வைக்கத் துவாரம் அறுப்பவர், அறுப்பதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, காந்தத்தின் ஆழத்தை அளந்துகொள்வது நலம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உச்ச ஸ்வரத்துக்குரிய ட்வீட்டரை முழங்காலுக்கு அருகே கதவில் வைப்பதால் பிரயோஜனமில்லை. அலைநீளம் குறைந்த சப்தம் நேர்கோட்டில் செல்லும் சுபாவமுடையது. வேட்டியும் சீட்டுத் துணியும் அதை உறிஞ்சிவிடுகின்றன. முன்கண்ணாடித் தூணின் அடியிலோ டேஷ்போர்டின் மூலையிலோ வைத்தால் காதுக்கு நேரே வரும். ட்வீட்டரோடு தொடராக ஒரு சிறு மின்தேக்கி இருக்கும். தனியாகத் தொங்குகிறதென்று அதை வெட்டிவிட்டு நேரே இணைத்தால், கீழ் ஸ்வரங்களின் முழு மின்னோட்டமும் மெல்லிய சுருளில் பாய்ந்து ஒரே பாட்டில் அதை எரித்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆசை அடங்காத இளைஞர்கள், கீழ் ஸ்வரத்துக்கென்றே உள்ள சப்வூஃபரை டிக்கியில் வைக்கிறார்கள். அதற்கு முன் பௌதிகம் இலவசமாகக் கொடுக்கும் ஒரு சலுகையை அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டரை மீட்டர் நீளமுள்ள மூடிய காருக்குள், அலைநீளத்தின் பாதி அந்த நீளத்தைத் தாண்டும் ஸ்வரங்களுக்கு, அதாவது சுமார் 70 அதிர்வுக்குக் கீழே, அலை அலையாகச் செல்ல இடமில்லை. உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒரே சமயத்தில் அழுந்தித் தளர்கிறது. ஆகவே அதிர்வு குறையக் குறைய, வீட்டு அறையில் கிடைக்காத பெருக்கம் காரில் தானாகவே கிடைக்கிறது. அதே அளவு சப்தத்தை 100-லிருந்து 50 அதிர்வுக்கு இறக்கித் திறந்தவெளியில் எழுப்பக் கோன் நாலு மடங்கு தூரம் அசைந்தாக வேண்டும் என்பதை நினைத்தால், இந்தச் சலுகையின் மதிப்பு விளங்கும். ஆனால் மூடிய கார் என்பது நிபந்தனை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்து, கண்ணாடி ஓரத்தில் காற்று விசில் அடிக்கும் வண்டியில் அழுத்தம் நிற்காமல் கசிந்துவிடுகிறது. நாலு கதவுக்கும் புது பீடிங் போடுவது, காற்றையும் புழுதியையும் தடுப்பதோடு பேஸையும் காப்பாற்றுகிறது. லாரிகளுக்கு நடுவே ஓடும் பழைய வண்டியின் உள்ளே 70 டெசிபலுக்கு மேல் இரைச்சல் இருக்கையில், அந்த இரைச்சல் முதலில் விழுங்குவது கீழ் ஸ்வரங்களையே என்பதால், இரைச்சலைக் குறைக்கும் எந்த ரிப்பேரும் பாட்டுக்கான ரிப்பேர்தான்.

சப்வூஃபர் ஏறிய முதல் நாள் டிக்கி மூடியும், ஜாக்கியும், பின் நம்பர் பிளேட்டும் சேர்ந்து தாளம் போடும். ஜாக்கியைச் சாக்கில் சுற்றிவிடலாம். மூடியின் நடுவில் உட்புறமாகத் தார் ஷீட் ஒட்டலாம். நம்பர் பிளேட்டுக்கு நாலு ரப்பர் வாஷர் போதும். பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டியவையே நன்றாக உழைக்கின்றன.